ஏழு வரைக்கும் சொந்த மூச்சு

எங்கள் ஊர்க் களத்தில் ஒன்று என்ற எண்ணே கிடையாது. நெல் அளக்க உட்கார்ந்தால் முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம்தான் ரெண்டு, மூணு. ஒன்று என்று வாயைத் திறந்தால் அந்த ஒன்றோடு நின்றுபோகும் என்று ஒரு பயம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எந்தக் களத்தில் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். நான் சொல்லப்போகிற மனிதர் தன் ஆயுசில் ஒரு தடவைகூட ‘ஒண்ணு’ என்று எண்ண ஆரம்பித்தவர் இல்லை. அதனாலேயே தஞ்சாவூரில் ஒரு டாக்டரோடு நான் மல்லுக்கு நிற்க வேண்டிவந்தது.

அவர் பேரை எழுதவில்லை. எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருக்காரர்தான். எங்களைப் போலக் கூலிக்காரர்தான். ஆனால் அறுவடை வந்துவிட்டால் அளவுக்காரர். மிராசுதாருக்கும் அவர்தான் அளப்பார், எங்களுக்குக் கூலி நெல்லும் அவர்தான் அளப்பார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஆள் குள்ளம். அந்தக் குள்ளத்துக்கு அந்தப் பருமன் கொஞ்சமும் பொருந்தாது. களத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மடியில் ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிற மாதிரி வயிறு இருக்கும். ஊரில் எல்லாருக்கும் வயிறு முதுகோடு ஒட்டிக்கிடந்த காலம் அது. எங்கள் தெருவில் சதை போட்ட மனுஷன் அவர் ஒருத்தர்தான். சும்மா விடுவார்களா?

என் அம்மாவுக்கு வாய் நீளம். முந்தானையில் கூலி நெல்லை வாங்கிக்கொண்டு வரப்பில் ஏறும்போதே ஆரம்பித்துவிடுவாள். “அந்தாளு வயித்தப் பாத்தியா? நம்ம நெல்லு பூரா அங்கதான் கெடக்கு.”

அவர் காதில் விழும். திரும்பமாட்டார். அடுத்த மரக்காலை அள்ளிக்கொண்டிருப்பார்.

அவர் அப்படி என்னத்தைத் தின்றார் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டு அடுப்பங்கரையும் எங்கள் வீட்டு அடுப்பங்கரையும் ஒரே சுவர். காலையில் நீராகாரம். மத்தியானம் பெரும்பாலும் ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்ததும் சோறு, அதற்கு ஒரு நத்தைக் கறியோ கீரையோ. அத்தை, அதாவது அவர் பெண்டாட்டி, தலையில் அடித்துக்கொள்வாள். “பச்சத் தண்ணி குடிச்சாலும் ஒடம்புல ஒட்டுது, நான் என்னா பண்ணுவேன்?” எங்கேயோ ஒரு சுரப்பி வேலை செய்யாமல் கிடந்திருக்கிறது. இது பின்னால் நர்ஸ் ஆன பிறகு எனக்கு வந்த புத்தி. அப்போது ஊருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அளக்கிறவன் பெருத்திருந்தால் அவன் திருடன்.

அளக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். மரக்காலை நெல்லில் குத்தி, நிரப்பி, தலையைத் தடவிக் கவிழ்க்கிறவரைக்கும் அதே எண்ணை விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். “பதிமூணு, பதிமூணு, பதிமூணேய்…” கவிழ்த்த பிறகுதான் பதினாலு. குரல் நிற்கக் கூடாது. நின்றால் கணக்குச் செத்தது. மிராசுதாரின் காரியக்காரர் பன்னிரண்டு என்பார், எங்கள் ஆட்கள் பதினாலு என்பார்கள், மறுபடி நெல்லையெல்லாம் கூட்டிக் குவித்து லாபத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பொழுது போய்விடும். கைப்பிள்ளைக்காரிகள் பால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் அவர் நிறுத்தமாட்டார். இருமல் வந்தாலும் எண்ணோடு சேர்த்துத்தான் இருமுவார்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் தை மாதம். அறுப்புக் கூலி இவ்வளவு என்று சர்க்காரே சொல்லியாயிற்று, ரேடியோவிலும் வந்தது. மிராசுதார் காதில் மட்டும் விழவில்லை. நிலத்துக்கு உச்சவரம்பு வந்ததே, அதுவும் அவர் காதில் விழவில்லை. அவர் வீட்டுச் சமையல்காரர் பேரிலேயே ஐந்து வேலி நிலம் இருந்தது. அந்த அறுப்புக்கு லாரியில் வெளியாட்களை இறக்கினார். எங்கள் ஆட்கள் வரப்பில் செங்கொடியை நட்டு மறித்தார்கள். போலீஸ் வேன் வந்தது, பேச்சுவார்த்தை நடந்தது, கடைசியில் பாதிப் பேருக்காவது புதுக் கூலியை அளப்பது என்று முடிவானது. அளந்துகொண்டிருக்கும்போதே எவனோ எவனையோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். தடி தூக்கிவிட்டார்கள்.

நாற்பத்து மூன்றாவது மரக்கால் அப்போது அவர் கையில் இருந்தது. ஓடினாரா? ஓட அவரால் முடியாது என்பது வேறு விஷயம். மரக்காலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். “நாப்பத்தி மூணு, நாப்பத்தி மூணு, நாப்பத்தி மூணேய்…” அவர் முதுகில் ஒருத்தன் வந்து விழுந்தான். “நாப்பத்தி மூணு.” தோளில் ஒரு அடி விழுந்தது. “நாப்பத்தி மூணு.” இன்ஸ்பெக்டர் விசில் ஊதி, இரண்டு பக்கமும் ஒதுங்கி, பெண்கள் அழுகையை நிறுத்தி மூக்கைச் சிந்துகிறவரைக்கும் அதே எண்தான். அப்புறம் மரக்காலைக் கவிழ்த்தார். எதுவும் நடக்காத மாதிரி “நாப்பத்தி நாலு” என்றார்.

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு நெல் வந்தது அவரால்தான். மறுநாள் என்ன பேச்சு தெரியுமா? அவன் சங்கத்து ஆள், அதனால்தான் கணக்கை விடவில்லை என்றார் காரியக்காரர். மிராசுதார் ஆளுங்க இவனை மட்டும் ஒரே அடியோட விட்டுட்டானுவளே, ஏன் என்றது எங்கள் தெரு. அன்றைக்குத்தான் அவர் கோபப்பட்டு நான் பார்த்தேன். டீக்கடைக்கு முன்னால் நின்று சட்டையில்லாத வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

“நெல்லு நெல்லுங்கிறீங்களே, வயித்த அறுத்துப் பாருங்கடா. ஒரு மணி இருந்தா என்னைத் தூக்கி ஆத்துல போடுங்க!”

இதெல்லாம் நடந்து பதினைந்து பதினாறு வருஷம் கழித்து அவர் தஞ்சாவூருக்கு வந்தார். நான் உபகாரச் சம்பளத்தில் படித்து ஸ்டாப் நர்ஸாகி, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஆண்கள் ஆபரேஷன் வார்டில் இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஒருநாள் காலையில் வார்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு உருவம் நின்றது. பின்னால் மஞ்சள் பையோடு அத்தை.

“ஏ புள்ள, வெள்ளச் சட்டையெல்லாம் போட்டு அடையாளமே தெரியல. மாமனுக்கு ஒரு கட்டில் காமி” என்றார். அந்த ஒரு வரியைச் சொல்ல இரண்டு தடவை நின்றார். எனக்குச் சுருக்கென்றது. எண்ணை நிறுத்தாதவர் அவர்.

தொப்புளில் குடல் இறங்கித் தேங்காய் அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு தடவை அது சிக்கிக்கொண்டு, வாந்தியும் வலியுமாகத் துடித்து, எப்படியோ தானாக உள்ளே போயிருக்கிறது. மூன்றாவது தடவை சிக்கினால் குடல் அழுகிவிடும், அதற்குள் தைத்துவிட வேண்டும் என்றார் சர்ஜன். ஆனால் மயக்க டாக்டர் சம்மதிக்க வேண்டும். மயக்க டாக்டர் மெட்ராஸ்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். நல்ல மனுஷன். அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்திருந்தால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இப்போது மெஷினில் ஊதச் சொல்லிக் கோடு கோடாகப் பார்க்கிறார்கள். எங்களிடம் அது கிடையாது. தீக்குச்சிதான். எரிகிற குச்சியை வாய்க்கு அரையடி தள்ளிப் பிடித்து, உதட்டைக் குவிக்காமல் ஊதி அணைக்கச் சொல்வார் டாக்டர். மாமா வாயை ஆவென்று திறந்து ஊதினார். சுடர் தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்தது. மறுபடி ஊதினார். குச்சி எரிந்து டாக்டர் விரலைச் சுட்டதுதான் மிச்சம்.

“சரி பெரியவரே. நல்லா இழுத்து மூச்சு வாங்கிக்கிட்டு, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணுங்க. எவ்வளவு தூரம் போறீங்கன்னு பார்ப்போம்.”

“லாபம்” என்றார் மாமா. “ரெண்டு, மூணு…”

“என்ன சொல்றார் சிஸ்டர்? ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க.”

“அதுதான் டாக்டர் ஒண்ணு.”

“லாபம்னா லாபம்தானே?”

“எங்க ஊருல லாபம்னாதான் ஒண்ணு.”

மாமா பதினொன்றில் நின்று, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினார். டாக்டர் சீட்டில் பத்து என்று எழுதினார். லாபத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை! நான் விடுவேனா? பதினொன்று என்று அடித்து எழுதவைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். பத்தோ பதினொன்றோ, இருபத்தைந்து வரைக்குமாவது போகாமல் மேஜையில் ஏற்றமாட்டேன் என்றார்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். “பாருங்க, நுரையீரல்ல ஒரு கோளாறும் இல்ல. பீடிகூடப் பிடிக்காத மனுஷன். ஆனா விரியறதுக்கு இடமே இல்ல. கீழேருந்து வயிறு மேல தள்ளுது. வெளியேருந்து நெஞ்சு மேல சதை அழுத்துது. உட்கார்ந்திருக்கறப்பவே இந்தக் கதின்னா, மயக்கம் கொடுத்து மல்லாக்கப் போட்டா அடிப்பக்கம் அப்படியே மூடிக்கும். மூடினது திறக்கும்னு யார் சொல்றது?”

வீட்டில் எப்படித் தூங்குவார் என்று அத்தையைக் கேட்டேன். “படுத்து எத்தனையோ வருசமாச்சு. நெல்லு மூட்டையில சாஞ்சுக்கிட்டுத்தான். சாஞ்சாலும் கொறட்டை விட்டு, திடீர்னு சத்தமே இல்லாமப் போயிரும். நான் உலுக்கி எழுப்புவேன்” என்றாள். இதையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார்.

எடை பார்க்க எங்கள் மெஷின் பத்தவில்லை. எதிரே இருந்த நெல் மண்டித் தராசில் ஏற்றச் சொன்னார்கள். மூட்டை நிறுக்கிற பலகையில் மாமா ஏறி நின்றார். மண்டி ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நூற்றுப் பதினெட்டு கிலோ. “எடை பொய் சொல்லும் புள்ள” என்றார் என்னிடம். “ஈர நெல்லு கனக்கும், காஞ்ச நெல்லு கனக்காது. அளவுதான் நெசம்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தெருவைத் தாண்டும்போது துண்டை எடுத்து வயிற்றின் மேல் போட்டு மூடிக்கொண்டார்.

இரண்டு மாதம் டயம் கொடுத்தார்கள். உடம்பைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். நீராகாரம் குடிக்கிறவனிடம் இன்னும் எதைக் குறை என்று சொல்வது? சுரப்பிக்கு ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார் டாக்டர். ரிசல்ட் வரும் வரும் என்று இருந்தோம்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மாமா என்னைக் கூப்பிட்டார். “பதினொண்ணுல நின்னதுக்கா அந்த டாக்டரு மேஜையில ஏத்தமாட்டேன்னாரு? எத்தனைங்கறதுதான் கணக்குன்னா முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாது? நான் யோக்கியமா எண்ணிட்டேன்.”

“யோக்கியமா எண்ணாம வேற எப்படி மாமா எண்ணுவாங்க?”

கண்ணைச் சிமிட்டினார். இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம், வீட்டில் அத்தைக்கு மட்டும்தான் தெரியுமாம். “களத்துல எரநூறு வரைக்கும் போவேனே, எப்புடின்னு நெனச்ச? ஏழு வரைக்கும் சொந்த மூச்சு. லாபம், ரெண்டு, மூணு… ஏழு வரைக்கும் எங்கயும் சந்து கெடையாது. எட்டு இருக்கு பாரு, எட்டு, அந்த ‘ட்டு’வுல நாக்கு மேல ஒட்டி நிக்கும். வாய் மூடிக்கும். அந்தச் சந்துல மூக்கால ஒரு சிட்டிகை இழுத்துருவேன். ஒரு பயலுக்குத் தெரியாது. அடுத்தது பத்து. பத்துக்கும் பதினெட்டுக்கும் நடுவுல மட்டும் பொட்டக் காடு. அதைத் தாண்டிட்டா பதினெட்டு, பத்தொம்பது. இருபத்தொண்ணுலேருந்து ஒவ்வொண்ணுலயும் ஒரு ‘த்த’ இருக்கு. அப்புறம் என்ன, வாய்க்கா தண்ணி மாதிரி மூச்சு வந்துக்கிட்டே இருக்கும்!”

நான் அங்கேயே நின்று எட்டு, பத்து என்று சொல்லிப் பார்த்தேன். நிஜம். மூக்கில் சில்லென்று காற்று ஏறியது. இருவரும் சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

“இது ஒண்ணுதான் புள்ள நான் திருடுனது” என்றார்.

இரண்டு மாதம் கழித்து, சொன்ன தேதிக்கு வந்தார். முகம் மட்டும் வற்றியிருந்தது. வயிறு அப்படியே இருந்தது. மண்டித் தராசில் மூன்று கிலோ குறைவு. இரண்டு மாதமாக ஒரு வேளைக் கஞ்சிதான் என்று அத்தை சொன்னாள். மெட்ராசிலிருந்து ரிசல்ட் வரவில்லை. சீசா வழியில் உடைந்துபோயிற்று என்று கடுதாசிதான் வந்தது. அத்தையை வெளியே உட்கார வைத்துவிட்டு மாமாவை உள்ளே கூப்பிட்டோம்.

“எண்ணுங்க பெரியவரே” என்றார் டாக்டர்.

மாமா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஆரம்பித்தார். லாபம், ரெண்டு, மூணு. ஏழு வரைக்கும் சீராக வந்தது. எட்டில் நான் அதைக் கேட்டேன். ஊசி முனை அளவுக்கு ஒரு ‘சுக்’. பத்தில் இன்னொன்று. பொட்டைக் காட்டில் முகம் கறுத்து, கழுத்து நரம்பு புடைத்தது. பதினேழு போதும் நின்றுவிடுங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது. தாண்டிவிட்டார். பதினெட்டு. பத்தொம்பது. அப்புறம் களத்துக் குரலே வந்துவிட்டது. முப்பத்து நாலில் டாக்டர் கையைக் காட்டினார்.

“பிரமாதம்! போதும், போதும். இந்த வியாழக்கிழமை லிஸ்ட்ல போட்டுடலாம்.”

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார், பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி.

அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பருமனான பெண்பிள்ளை கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போய் எழுந்திருக்கவில்லை. அந்த முகம் எனக்கு முன்னால் வந்து நின்றது. சொல்லாவிட்டால் இவரை நானே மேஜையில் ஏற்றிக் கொல்கிறேன் என்று நினைத்தேன். சொன்னால் அந்தக் குடல் எப்போது சிக்குமோ என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்தேன், சத்தியமாக. டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார்.

“டாக்டர், மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எண்ணச் சொல்லுங்க.”

“ஏன் சிஸ்டர்?”

வேறு வார்த்தையே எனக்கு அப்போது கிடைக்கவில்லை. எத்தனையோ வார்த்தை இருக்கிறது உலகத்தில்.

“அவர் திருடறார் டாக்டர். மூச்சைத் திருடறார்.”

மாமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. டாக்டர் நம்பாமல், நீங்களே காட்டுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார். நான்தான் கிட்டே போய் அவர் மூக்கை இரண்டு விரலால் பிடித்தேன். மூக்கு வியர்த்து வழுக்கியது. லாபம் என்று ஆரம்பித்தார். ஒன்பதில் நின்றுவிட்டார். உதடு நாவல்பழக் கலர் ஆகிவிட்டது. விரலை எடுத்தேன்.

லிஸ்டில் பேரைப் போடவில்லை. மறுபடி இரண்டு மாதம். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு மெதுவாக எழுந்தார். அம்மாவைப் போல அவரும் ஏதாவது சொல்லியிருக்கலாம், கை நீட்டி அடித்திருந்தால்கூடத் தேவலை. “நல்ல காதுதான் புள்ள உனக்கு” என்று மட்டும் சொன்னார். திட்டா, பாராட்டா? இன்றுவரைக்கும் எனக்குப் புரியவில்லை.

மூன்று வாரம்தான் ஆனது. ஒரு மத்தியானம் வாடகைக் காரில் கொண்டுவந்தார்கள். காலையில் வரப்பில் வழுக்கி விழுந்திருக்கிறார், குடல் சிக்கிக்கொண்டுவிட்டது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார்களாம். கூட்ஸ் வண்டி ஒன்று முன்னும் பின்னும் போய் வந்துகொண்டே இருந்ததாம். அத்தை இறங்கிப் போய் கேட்கீப்பர் காலில் விழுந்தாளாம். அவன் என்ன செய்வான், கூட்ஸ் அவன் பேச்சைக் கேட்குமா?

வயிறு கல் மாதிரி இருந்தது. சர்ஜன் தொட்டுப் பார்த்து, இனி யோசிக்க ஒன்றுமில்லை, மேஜையில் போடுங்கள் என்றார். மயக்க டாக்டர் என் பக்கமே திரும்பவில்லை. எனக்கு வார்டு டூட்டிதான். கெஞ்சி தியேட்டருக்குள் போனேன். தலைப்பக்கம் நாலு தலையணை வைத்து முடிந்தவரை நிமிர்த்தியிருந்தார்கள். ஊசி ஏறும்போது எண்ணச் சொல்வது அங்கே வழக்கம்.

“எண்ணுங்க பெரியவரே. ஒண்ணும் ஆகாது.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தள்ளிவிடவில்லை.

“லாபம்” என்றார். “ரெண்டு. மூணு. நாலு.” அவசரமே இல்லை. “அஞ்சு. ஆறு. ஏழு.”

எட்டு வரட்டும், எட்டு வரட்டும் என்று என் மனசு கூவியது. எவ்வளவு வேண்டுமானாலும் திருடிக்கொள்ளுங்கள் மாமா, நான் யாரிடமும் சொல்லவில்லை.

“ஏழு” என்றார் மறுபடி. “ஏழு… ஏழேய்…”

அவ்வளவுதான்.

வயிற்றை அறுத்தும் பார்த்தாயிற்று. ஒரு முழம் குடல் கறுத்துக்கிடந்தது. அதை வெட்டித் தைத்து முடித்தார்கள், சர்ஜன் கைராசிக்காரர். ஆனால் மூச்சு திரும்பி வரவில்லை. டாக்டர் சொன்ன அந்த அடிப்பக்கம் மூடிக்கொண்டதுதான். மூச்சுவிடும் மெஷின் எங்களிடம் இருந்தது ஒன்று, அதுவும் ரிப்பேருக்குப் போயிருந்தது. ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றைக் கொடுத்தோம், ஆள் மாற்றி ஆள். டாக்டர் வீட்டுக்கே போகவில்லை. அவரும் எங்களோடு உட்கார்ந்து அமுக்கினார். என் முறை வந்தபோது பையைக் கையில் வாங்கினேன். அவர் விட்ட இடத்திலிருந்து, எட்டு என்று ஆரம்பித்தேன். குரல் நிற்கக் கூடாது. நின்றால் கணக்குச் செத்தது.

இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு டாக்டர் என் தோளில் கை வைத்து, “சிஸ்டர், போதும், விட்டுடுங்க” என்றார். நான் விடவில்லை. ஒரே எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேனாம். எந்த எண் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பையை என் கையிலிருந்து பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

அத்தை வராந்தாவில் அந்த மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை, என் மூஞ்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவள் கத்தவில்லை. கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“மயக்கம் குடுக்கையில எண்ணச் சொன்னாங்களா புள்ள?”

“சொன்னாங்க அத்தை.”

“எத்தனையில நின்னுச்சு?”

“ஏழு.”

“ஏழா?” அவள் முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. “ஏழு வரைக்கும் அவங்க சொந்த மூச்சுல்ல!” என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒனக்குத் தெரியுமா? போன தடவ வந்தப்ப, இவங்க மூச்சத் திருடுறாங்கன்னு யாரோ அந்த டாக்டருட்ட சொல்லிட்டாங்களாம். பஸ்ல போறப்ப சொல்லி, கொழந்த மாதிரி அழுதாங்க. யாரு சொன்னதுன்னு கேட்டேன். எத்தனையோ தடவ கேட்டேன். கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.”

வராந்தாவின் கடைசியில் டாக்டர் குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

“நீதான் இங்க நமக்குன்னு இருக்க. போயி அந்த டாக்டருட்ட ஒரு வார்த்த சொல்லிடு தாயி” என்றாள் அத்தை. “கடைசியில அவங்க திருடலன்னு.”

“சொல்றேன் அத்தை” என்றேன்.